சபர் போகிறவருக்கு லைசென்ஸ்: ஊர் அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரையில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக விசா வந்த பையன் ஒருத்தனாவது இருப்பான். அவன் கேட்கிற கேள்விகளில் ஒன்று மட்டும் மாறாது: "காக்கா (அண்ணே), நான் ஆறு வருஷமா கார் ஓட்டுறேன். லைசென்ஸும் இருக்கு. அங்கே போயி அப்படியே ஓட்டலாம்ல?"

பதில் யாரிடம் கேட்கிறான் என்பதைப் பொறுத்தது. துபாய்க்காரர் தலையில் கை வைப்பார். சிங்கப்பூரில் இருந்து வந்த மாமா, "அதெல்லாம் ஒரு பரீட்சைதான், எழுதிட்டா முடிஞ்சது" என்பார். விசிட் விசாவில் போய்விட்டு வந்தவர், "நான் நம்ம ஊர் லைசென்ஸை வச்சே ஓட்டினேனே" என்று சத்தியம் செய்வார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நாட்டுக்கும் அவரவர் விசாவுக்கும் அது சரி. பையனுக்குத்தான் குழப்பம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், லைசென்ஸை நாம் ஒரு திறமைச் சான்று என்று நினைக்கிறோம். வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதானே? அது பாதிதான். மீதிப் பாதி, ஓர் அரசு தன் சாலையில் ஓட்டுவதற்குத் தருகிற அனுமதி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி நமக்கு ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுத்த அட்டை இந்தியச் சாலைகளுக்கான அனுமதி. தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் செல்லும், காஷ்மீரிலும் செல்லும். துபாய்ச் சாலை வேறொரு அரசின் சாலை. நம் ரேஷன் கார்டைக் காட்டி ஷார்ஜாவில் அரிசி கேட்க முடியாது என்பதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் வெளிநாட்டுக்காரர் யாருமே ஓட்ட முடியாதா? முடியும். அதற்குத்தான் உலகம் முழுக்க ஒரு பிரிவினை வைத்திருக்கிறார்கள்: வந்து போகிறவர் வேறு, வந்து தங்குகிறவர் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ சில வாரம் வந்தவரை அவர் ஊர் லைசென்ஸோடு ஓட்ட விடுவது பல நாடுகளின் வழக்கம். அந்த நாட்டிலேயே வேலை, வீடு, குடியிருப்பு அட்டை என்று ஆகிவிட்டவர் அந்த நாட்டு லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும். சில நாடுகள் அதற்குக் கொஞ்சம் அவகாசம் தரும், சில நாடுகள் ஒரு நாள்கூடத் தராது.

இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று நம்மவர்கள் சொல்வது வந்து போகிறவருக்கானது. அதன் சரியான பெயர் பன்னாட்டு ஓட்டுநர் பர்மிட். 1949இல் ஜெனிவாவில் சாலைப் போக்குவரத்துக்காக நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் இருந்து வந்தது. பார்க்க ஒரு சின்னப் புத்தகம். உள்ளே நீங்கள் யார், என்னென்ன வகை வண்டி ஓட்ட உங்கள் நாடு அனுமதித்திருக்கிறது என்பது பல மொழிகளில் இருக்கும். அதாவது, உங்கள் ஊர் லைசென்ஸை வெளிநாட்டுப் போலீஸ்காரர் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வழி. அது தனியாக ஒரு லைசென்ஸ் இல்லை. ஊர் அட்டையும் கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

எடுப்பது சிரமமில்லை. பரிவாகன் தளத்தில் சாரதி பகுதிக்குள் போய் 4ஏ படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட், விசா நகல்களைச் சேர்த்து 1,000 ரூபாய் கட்டினால் நம் ஆர்.டி.ஓ. ஆபீஸே கொடுக்கும். ஓராண்டு செல்லும், அதற்குள் ஊர் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் அத்தோடு சரி. "மூணு வருஷம், அஞ்சு வருஷம் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று இணையத்தில் விற்கிறார்களே, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விசிட் விசாவில் இருக்கும்வரை துபாயில் வாடகைக் கார் எடுத்து ஓட்டலாம். குடியிருப்பு விசா அடித்து எமிரேட்ஸ் ஐடி எனும் குடியிருப்பு அட்டை கைக்கு வந்த பிறகு அதே காரை அதே புத்தகத்தோடு ஓட்டுவது குற்றம். நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். நேற்றுவரை ஓட்டினோமே, இன்று மட்டும் என்ன என்று தோன்றும். ஓட்டுகிறவர் மாறவில்லை, அவருடைய நிலை மாறிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டம், தாங்கள் ஏற்காத அயல்நாட்டு லைசென்ஸோடு ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதம் என்கிறது.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் குடும்பமே ஆடிப்போகும். அமீரகத்தில் விபத்தில் ஓர் உயிர் போனால் தியா எனும் இழப்பீடு 2,00,000 திர்ஹம். ஒழுங்கான லைசென்ஸ் இருந்தால் வண்டியின் இன்ஷூரன்ஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். இல்லாதவரிடம் அந்த நிறுவனம் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும். ஊரில் வீட்டையும் தோப்பையும் விற்றாலும் அந்தத் தொகை வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "பக்கத்துக் கடைக்குத்தானே, சும்மா எடுத்துட்டுப் போ தம்பி" என்று முதலாளியே சாவியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓட்டியவர் நீங்கள், கேஸ் உங்கள் மேல்தான் வரும்.

சரி, அங்கேயே லைசென்ஸ் எடுப்பது எப்படி? இங்கேதான் நாட்டுக்கு நாடு வழி பிரிகிறது.

சில நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் அமீரகத்துக்குக் குடிவந்தால் கண் பரிசோதனை செய்து, பணம் கட்டி, அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. உங்கள் நாட்டுத் தேர்வை நாங்கள் நம்புகிறோம், எங்கள் தேர்வை நீங்கள் நம்புங்கள் என்று இரண்டு அரசுகள் பேசி வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. நம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டி வாங்குகிற லைசென்ஸை அவர்கள் எந்த அளவுக்கு நம்புவார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே துபாயில் நீங்கள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும். கண் பரிசோதனையும் டிராஃபிக் ஃபைல் திறப்பதும் முதல் வேலை. பிறகு தியரி வகுப்புகள், கணினியில் தியரி தேர்வு, பயிற்சி, பார்க்கிங் தேர்வு, கடைசியாக ரோட் டெஸ்ட். பார்க்கிங் என்றால் நாம் நினைப்பதுபோல ஓரமாக ஒதுக்கி நிறுத்துவது இல்லை. இரண்டு வண்டிக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைப்பது, பின்னால் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்துவது, சாய்கோணத்தில் நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, திடீர் பிரேக் என்று தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டும். தியரி வகுப்பு தமிழிலும் உண்டு என்பதால் படிப்புக்குப் பயப்பட வேண்டாம். மொத்தத்தில் பல ஆயிரம் திர்ஹம் ஆகும். ஒவ்வொரு தடவை ஃபெயிலாகும்போதும் கூடுதல் வகுப்பு, மறுபடி தேர்வுக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சில மாதச் சம்பளத்தையே தின்றுவிடுகிற செலவு இது.

ஊர் லைசென்ஸ் அனுமதியாகத்தான் அங்கே செல்லாது. அனுபவத்துக்கு அத்தாட்சியாகச் செல்லும். லைசென்ஸே இல்லாதவர் 20 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டிய இடத்தில், ஊரில் 5 ஆண்டுக்கு மேல் லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு 10 மணி நேரம் போதும். அதற்கு ஒரிஜினல் அட்டையையும் அதன் சட்டபூர்வமான மொழிபெயர்ப்பையும் காட்ட வேண்டும். 2023இல் துபாய் கோல்டன் சான்ஸ் என்று ஒரு வழியையும் திறந்துவிட்டது. சொந்த நாட்டு லைசென்ஸ் உள்ளவர் வகுப்பு எதுவும் எடுக்காமல் நேரே தியரி தேர்வுக்கும் ரோட் டெஸ்ட்டுக்கும் போகலாம். ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் மற்றவரைப்போல வரிசையில் நின்று வகுப்புக்குப் போக வேண்டும். பல வருஷம் கார் ஓட்டியவர்கள்கூட அதில் தவறுவது உண்டு. ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் சங்கதி, அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாமே அப்படி. சிங்கப்பூர், மலேசியா, புருனே, இலங்கை, பிரிட்டன் நம்மைப்போல இடப்பக்கம். நேர்ச்சாலையில் இது இரண்டே நாளில் பழகிவிடும். திரும்பும்போதுதான் மனம் பழைய பக்கத்துக்கு ஓடும். ரவுண்டானாவில் இன்னும் மோசம். நம் ஊரில் கடிகாரமுள் சுற்றும் திசையில் சுற்றுகிறோம், அங்கே எதிர்த் திசை. உள்ளே நுழையும் முன் இடப்பக்கம் பார்த்து, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்கு வழி விட வேண்டும். வழி விடுவது என்ற வழக்கமே நமக்குப் புதிது என்பது தனிக் கதை.

அடுத்தது, நம் கிழக்குக் கடற்கரைச் சாலை கற்றுக்கொடுத்த பழக்கங்கள். சாயல்குடியில் இருந்து ஏர்வாடி வழியாக ராமநாதபுரம் வருகிறீர்கள் என்று வையுங்கள். வளைவை சீமைக்கருவேலம் மறைத்திருக்கும். திடீரென்று ஆட்டு மந்தை ஏறும். எதிரே வருகிற ஆம்னி பஸ் உங்கள் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இங்கே உயிரோடு வீடு சேர ஹாரனும் முன்யோசனையும் போதும். கண் எப்போதும் முன்னால்தான் இருக்கும். பின்னால் வருகிறவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது நம் சாலையின் எழுதாத சட்டம். துபாயில் 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் பல லேன்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. லேன் மாறும் முன் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் தலையைத் திருப்பி கண்ணாடியில் விழாத இடத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்தீர்கள் என்பது பக்கத்தில் இருக்கும் தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். கண்ணை மட்டும் ஓட்டினால் பார்க்கவில்லை என்றே மார்க் போடுவார். அனுபவசாலிகள் தவறுகிற முக்கியமான இடம் இது. புதிதாகக் கற்கிறவர் வாத்தியார் சொன்னபடி தலையைத் திருப்பிவிடுவார். இருபது வருஷம் ஓட்டியவருக்குக் கழுத்து திரும்பாது.

பயந்து மெதுவாக ஓட்டினால் பாஸ் ஆகிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆகாது. 80 போக வேண்டிய சாலையில் 45இல் ஊர்வதும் அங்கே குறைதான், பின்னால் வருகிறவருக்கு ஆபத்து என்பதால். நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்பது, ஆள் கடக்கும் இடத்தில் ஆள் நிற்கும்போது நிற்காமல் போவது, இவையெல்லாம் அந்த நிமிடமே ஃபெயில் போடுகிற குற்றங்கள். ஹாரன் அடிப்பதை அங்கே மரியாதைக் குறைவாகவும் எடுத்துக்கொள்வார்கள். பாம்பன் பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தை செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் நாளைக்கு எத்தனை பேர் ரோட் டெஸ்ட்டுக்குப் போகப் போகிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் லைசென்ஸில் கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் வண்டி என்று காருக்குப் பிரிவு கிடையாது. அமீரகத்திலும் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். சுலபம் என்று அதை எடுத்துவிட்டு, பிறகு கம்பெனி பிக்கப் வண்டி கியர் வண்டியாக இருந்தால் தவிக்க வேண்டியதுதான். வேலைக்காக ஓட்டப் போகிறவர் கியர் வண்டியில் எடுப்பதே நல்லது. டெலிவரி வேலைக்குப் போகிறவர்களுக்கு பைக் லைசென்ஸ் தனி. கார் லைசென்ஸை வைத்து பைக் ஓட்ட முடியாது.

மற்ற வளைகுடா நாடுகளில் வழி கொஞ்சம் கொஞ்சம் மாறும். சவூதியில் மருத்துவப் பரிசோதனை முடித்து ஓட்டுநர் பள்ளிக்குப் போனால், முதலில் ஓட்டிக் காட்டச் சொல்லி, உங்கள் கை எப்படி என்று பார்த்து, அதற்கேற்பப் பயிற்சி மணியைக் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். கத்தாரில் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும். குவைத்தில் பொதுவாக வெளிநாட்டவர் லைசென்ஸ் கேட்டாலே பட்டப்படிப்பு, 600 தினார் சம்பளம், 2 ஆண்டு குடியிருப்பு என்று நிபந்தனைகள் நெடுநாளாக இருக்கின்றன. டிரைவர் வேலைக்கென்றே விசாவில் போனவருக்குக் கணக்கு வேறு. விசாவில் எழுதியிருக்கிற தொழிலைப் பார்த்துதான் லைசென்ஸ் என்பது வளைகுடாவில் பல இடங்களில் உள்ள முறை. குவைத்துக்குப் போகிறவர் போகும் முன்பே அங்கிருக்கிற சொந்தக்காரரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் மாமா சொன்னதற்கு வருவோம். அங்கே ஒர்க் பாஸ் எனும் வேலை பாஸில் போகிறவர் நம் லைசென்ஸை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குமேல் தங்கினால் மாற்றிக்கொள்ள வேண்டும். காருக்கு, அடிப்படைத் தியரி தேர்வு ஒன்றைத் தேறினால் மாற்றித் தருவார்கள். 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். அந்தப் பாஸ்களில் ஒர்க் பர்மிட் என்ற வகையில் போய் ஓட்டுவதையே வேலையாகச் செய்கிறவருக்கு 12 மாதம் கிடையாது. 6 மாதத்துக்குள் சிங்கப்பூர் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும். மாமா "ஒரு பரீட்சைதான்" என்றது உண்மை. ஆனால் 50க்கு 45 என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவரும் 12 மாதம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம். பிறகு அங்கே புரவிஷனல் எனும் பழகுநர் லைசென்ஸ் எடுத்து, தியரி தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும். நேராக மாற்றித் தரமாட்டார்கள். கனடாவில் தமிழர் அதிகம் வாழும் ஒன்டாரியோவில் புதிதாகக் குடியேறியவருக்கு 60 நாள் அவகாசம். அங்கே லைசென்ஸ் மூன்று படியாக வரும், படிக்குப் படி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் 2 ஆண்டுக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை அரசுக் கடிதத்தோடு நிரூபித்தால், எழுத்துத் தேர்வு முடித்து நேரே கடைசிப் படித் தேர்வுக்கே போய்விடலாம். நீங்கள் வாயால் சொல்கிற அனுபவத்துக்கு ஓராண்டுக்கு மேல் மதிப்பு இல்லை. கடிதம் வேண்டும்.

துபாயின் 5 ஆண்டுக் கணக்கு, ஒன்டாரியோவின் 2 ஆண்டுக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஊரில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை தெரியும். விசா வந்த பிறகு அவசர அவசரமாக லைசென்ஸ் எடுப்பதில் பாதிப் பிரயோஜனம் போய்விடுகிறது. 18 வயது ஆனதும் எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போய் எடுத்துவிட்டால், 25 வயதில் சபர் போகும்போது கையில் 7 வருஷ அனுபவம் அட்டையில் அச்சாகி இருக்கும். எடுத்தால் மட்டும் போதாது, ஓட்டவும் வேண்டும். எட்டுக்கூடப் போடாமல், யாரோ பார்த்துக்கொள்வார் என்று கொடுத்து வாங்கிய லைசென்ஸ் ராமநாதபுரத்தில் காப்பாற்றலாம். கோல்டன் சான்ஸில் முதல் பத்து நிமிடத்திலேயே குட்டு வெளிப்படும்.

பெயர்ப் பொருத்தம் அடுத்தது, இதை நம் பக்கம் யாரும் கண்டுகொள்வதே இல்லை. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து இருக்கும். லைசென்ஸில் ஒரே ஒரு இனிஷியல். சில பேருக்கு முகம்மது என்பது ஓர் ஆவணத்தில் முழுதாகவும் மற்றொன்றில் சுருக்கமாகவும் இருக்கும். மரைக்காயர், ராவுத்தர், தேவர் என்பது ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை. நமக்கு இரண்டும் ஒரே ஆள். அயல்நாட்டு கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டு ஆள். புறப்படுவதற்குச் சில மாதம் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து, லைசென்ஸைத் திருத்திவிடுங்கள். அங்கே போனபின் திருத்த ஊருக்கு வர வேண்டியிருக்கும்.

பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருக்கிற மாமாக்கள் அது சாரதி கணினியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். ஏறவில்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்ல வேண்டும். கணினியில் இல்லாத லைசென்ஸை வெளியில் யாரும் சரிபார்க்க முடியாது. ஒன்டாரியோ மாதிரி இடத்துக்கான அனுபவக் கடிதத்துக்கும், லைசென்ஸ் விவரத்தை அரசு எழுதித் தருகிற எக்ஸ்ட்ராக்டுக்கும் அதே அலுவலகம்தான்.

புதுப்பித்தலிலும் சபராளிகள் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30இல் இருந்து 50க்குள் என்றால் 10 ஆண்டு. 50இல் இருந்து 55க்குள் எடுத்தால் 60 வயது வரை. அதற்குமேல் ஐந்தைந்து ஆண்டாக. 40ஆவது பிறந்தநாள் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் வரும். யாருக்கும் ஞாபகம் இருக்காது. காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பித்தால் தேர்வு இல்லாமல் புதுப்பித்தல். ஓராண்டு தாண்டினால் மறுபடி தேர்வு. காலாவதி ஆவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம் என்பதால், லீவில் ஊருக்கு வரும்போது அட்டையின் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது சுலபம்.

குடும்ப விசாவில் போகிற பெண்களுக்கும் இதையெல்லாம் சொல்லவேண்டும். சவூதியிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டலாம். துபாயிலும் ஷார்ஜாவிலும் பிள்ளைகளைப் பள்ளியில் விட, மருத்துவமனைக்குப் போக வீட்டில் இன்னொருவர் ஓட்டத் தெரிந்தவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஊரில் எந்த லாத்தாவும் (அக்காவும்) ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை என்பதால் போய்ச் சேர்ந்த பிறகு முதல் பாடத்தில் இருந்து தொடங்குகிறார்கள், பயிற்சிக் கட்டணமும் முழுசாகக் கட்டுகிறார்கள். கணவர் சபரில் இருக்கும் காலத்திலேயே ராமநாதபுரத்தில் டிரைவிங் ஸ்கூல் சேர்ந்து எடுத்துவைத்தால் செலவும் குறையும், பயமும் குறையும்.

டிரைவர் வேலைக்கே போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். லாரி, டிரெய்லர் ஓட்டப் போகிறவர் நம் நாட்டில் அதற்கான லைசென்ஸை முதலில் எடுத்திருக்க வேண்டும். சரக்கு, பயணிகள் வாகனத்துக்கான லைசென்ஸுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். ஹவுஸ் டிரைவர் விசா என்று சொல்லி அழைத்துப்போய் தோட்டத்திலும் ஆட்டுப் பட்டியிலும் விட்ட கதைகள் நம் பக்கம் ஏராளம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் என்றால் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. அதை வாங்காமல் விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று சொல்கிற ஏஜென்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது.

விசா நகல் வந்ததும், அரபியில் தொழில் என்று எழுதியிருக்கும் வரியை அரபி தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அதில் டிரைவர் என்று இல்லாவிட்டால், பல நாடுகளில் உங்களால் டிரைவர் வேலைக்கான லைசென்ஸே எடுக்க முடியாது. ஏஜென்ட் "போன பிறகு மாத்திக்கலாம் தம்பி" என்பார். மாற்றித் தர வேண்டியவர் அவர் இல்லை, விசா கொடுத்த முதலாளியான கபீல். டிரைவர் என்றே எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, அந்த நாட்டு லைசென்ஸுக்கான பள்ளிக் கட்டணம், மருத்துவம், தேர்வுச் செலவு, ஃபெயிலானால் மறு தேர்வுச் செலவு எல்லாம் யாருடையது என்பது. கம்பெனி கட்டுமா, கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடிக்குமா, லைசென்ஸ் கைக்கு வரும்வரை முழுச் சம்பளமா அரைச் சம்பளமா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.